முந்தைய அத்தியாயத்தில் கண்டவாறு

கேள்வி இதுதான்: ஐரோப்பிய மறுமலர்ச்சி ஏன் இத்தாலியில் தொடங்கியது, ஏன் அந்தக் காலத்தில் தொடங்கியது? விடை ஒன்றரைப் பக்கத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். புத்தகம் பார்க்கக்கூடாது. அகராதி மட்டும் வைத்திருக்கலாம்.

அந்த வகுப்பில் நான்தான் வயதில் மூத்தவள். மற்றவர்கள் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்து நேரே வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். அவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டும் பேனையைக் கடித்துக்கொண்டும் இருந்தபோது நான் எழுதிக்கொண்டிருந்தேன். அகராதியைத் திறக்கவே இல்லை. பிரெஞ்சில் ஒரு பந்தியை அப்படி நிறுத்தாமல் எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முதலாவதாகத் தாளைக் கொடுத்துவிட்டு, கீழ்த்தளத்தில் இருக்கும் குழந்தைகள் காப்பகமான கார்டெரியில் மகளை எடுக்கப் போனபோது எனக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. எல்லாப் பாடத்தையும் விட்டு இந்தப் பாடத்தில் மட்டும் எனக்குப் பயமில்லை. மறுமலர்ச்சி எனக்குப் பழைய பாடம்.

அடுத்த வாரம் ஆசிரியையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் விடைத்தாளைப் பற்றிப் பேச வேண்டும், வியாழக்கிழமை பிற்பகல் தன் அறைக்கு வர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். விடைத்தாளின் படத்தையும் இணைத்திருந்தார். நான்கு பந்திகளுக்குக் கீழே கோடு போடப்பட்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் இரட்டைக் கோடு. அந்த இடத்தில் நான் என் கையெழுத்தில், எந்த வெட்டும் இல்லாமல் இப்படி எழுதியிருந்தேன்: "முந்தைய அத்தியாயத்தில் கண்டவாறு."

பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதே இடத்தில் அதே சொற்கள்.  விடைத்தாளில் ஏது முந்தைய அத்தியாயம்? இரண்டு வரி தள்ளி, "எதிர்ப்பக்க வரைபடத்தில் உள்ளது போல" என்றும் எழுதியிருந்தேன். என் எதிர்ப்பக்கத்தில் வரைபடம் இல்லை. வெள்ளைத் தாள்தான் இருந்தது.

களவாகப் பார்த்து எழுதியது உறுதியானால் அந்தத் தாளுக்குப் பூச்சியம். அந்தத் தாளுக்குப் பூச்சியம் என்றால் பாடத்தில் தேற முடியாது. என்னை அந்தக் கல்லூரியில் சேர்த்ததே முதல் வருடத்துப் பாடம் ஒன்றிலும் தவறக்கூடாது என்ற நிபந்தனையின்பேரில்தான். நான் போனால் மகளுக்கான கார்டெரி இடமும் போகும். அது அங்கே படிக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும். பிறகு லாசால் பகுதியில் பாண் பொதிசெய்யும் தொழிற்சாலைக்கே திரும்ப வேண்டியதுதான். மகள் பிறக்கும்வரை அங்கேதான் நின்றேன். அந்த வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் நான் ஆசிரியை ஆக விரும்பினேன். இதை வெளியே சொல்ல எனக்கு எப்போதும் வெட்கமாக இருக்கும். பிரெஞ்சில் தொலைபேசியை எடுக்கவே பயப்படுகிறவள் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கப் போகிறாளாம்.

அன்று என் கணவர் துறைமுகத்தில் வேலை முடிந்து நேரத்தோடு வந்துவிட்டார். கொள்கலன் லொறி ஓட்டுகிறவர். விடியமுன் போனால் பிற்பகலில் வந்துவிடுவார். வந்ததும் என்னைப் பார்த்தார்.

"என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"நான் களவெடுத்தனாம்."

"என்னத்தை?"

"புத்தகத்தை."

"புத்தகம் அந்தா உம்மட மேசையிலதானே கிடக்கு?"

"ஐயோ, அதில்லையப்பா. சோதினையில பாத்து எழுதினனாம்."

அவர் சப்பாத்தைக் கழற்றுவதை நிறுத்தினார். "பாத்து எழுதினீரோ?"

எனக்கு வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்து வந்தது. "நீங்களே இப்பிடிக் கேட்டா அவ கேக்கமாட்டாவோ? இவ்வளவு நாளும் இந்த வீட்டில நான் பாடமாக்கின சத்தத்தைத் தவிர வேறை என்ன சத்தம் கேட்டது?"

"ஓமோம். எனக்கே பாதி பாடம். துறைமுகத்தில லொறி லைன்ல நிக்கேக்கை வாய் தானாக் கொள்ளைநோயைச் சொல்லுது, லா பெஸ்த் நுவார், லா பெஸ்த் நுவார் எண்டு. பக்கத்து லொறிக்காரன் என்ன உனக்கு வருத்தமோ எண்டு கேக்கிறான்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லை. உள்ளதைப் போய்ச் சொல்லும். பாடமாக்கினனான் எண்டு சொல்லும். எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தானே படிச்சது."

"இஞ்சை ஒருத்தரும் அப்பிடிப் படிக்கிறேல்லை."

"அப்ப அவையள் எப்பிடிப் படிக்கினம்?"

எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. மற்றப் பிள்ளைகள் புத்தகத்தில் மஞ்சள் மை பூசுவார்கள், கோப்பி குடிப்பார்கள், தங்களுக்குள் வாதாடுவார்கள். அவர்களில் ஒருவரும் வாய்விட்டுப் படித்து நான் கேட்டதில்லை.

நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் யன்னலுக்கும் இடையில் நடந்து நடந்து பாடமாக்கியவள். என் பிரெஞ்சில் ஒரு நல்ல வாக்கியத்தை நானாகக் கட்ட முடியாது. கட்டிய வாக்கியம் ஒருவேளை நல்லதென்றாலும் அது நல்லதா என்று எனக்கே தெரியாது. புத்தகத்து வாக்கியம் அப்படியில்லை. அதை நம்பலாம். இத்தாலிய நகரங்களின் வணிகச் செல்வம், கண்ணெதிரே கிடந்த உரோமத்து இடிபாடுகள், கொள்ளைநோய், கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து ஏடுகளோடு வந்த அறிஞர்கள். நடக்கும் தாளத்துக்கு ஏற்றபடி காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மகள் என் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். கொள்ளைநோய்ப் பந்தியில் பெரும்பாலும் நித்திரையாகிவிடுவாள்.

மறுநாள் மேல்மாடி அக்கா வந்தார். மட்டக்களப்பைச் சேர்ந்தவர், கோட்-டெ-நெய்ஜில் எங்கள் கட்டடத்தில் எங்களுக்கு முன்னரே குடியிருப்பவர். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. என்னைப் பார்த்ததும் மகளை வாங்கிக்கொண்டு கதிரையில் இருந்தார்.

"என்னகா, சாப்பிடல்லயா? முகம் காஞ்சி கிடக்கு."

சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"இதுக்கா அழுற? நாளைக்குப் புள்ளயத் தூக்கிட்டுப் போ. புள்ளயக் கண்டா மனம் இரங்கும்."

"சீ, என்னக்கா. பிள்ளையைக் காட்டிப் பிச்சை கேக்கிற மாதிரி."

"நான் பிச்சையெண்டா சொன்னன்? ஆஸ்பத்திரியில நான் பாக்கிறன்தானே. புள்ள அழுதா பெரிய டொக்டர்மாரும் கெதியா முடிச்சி விட்டுருவாங்க."

"கெதியா முடிச்சா எனக்கென்ன லாபம்? பூச்சியத்தையும் கெதியாப் போடுவா."

"அப்ப பாடமாக்கினத்தச் சொல்லிக் காட்டு. முழுக்கச் சொல்லு. வாய மூடி இருந்தாத்தான் கள்ளியெண்டு நினைப்பாங்க."

அக்கா போனபின் அந்த யோசனையையே பிடித்துக்கொண்டேன். சொல்லிக் காட்டலாம். ஆனால் சொல்லிக் காட்டினால் என்ன காட்டுவேன்? நான் களவெடுக்கவில்லை என்பதையா, எனக்குச் சொந்தமாக ஒன்றும் தெரியாது என்பதையா?

ஒரு தாளை எடுத்து, அதே கேள்விக்கு என் சொந்தச் சொல்லில் விடை எழுதிப் பார்த்தேன். முதல் வாக்கியம் புத்தகத்து வாக்கியமாக வந்தது. அதை வெட்டிவிட்டு வேறு மாதிரித் தொடங்கினேன். அது அடுத்த பந்தியின் முதல் வாக்கியம். தமிழில் யோசித்துப் பார்ப்போம் என்று பேனையை வைத்துவிட்டுக் கண்ணை மூடினேன். தமிழிலும் ஒரு புத்தகத்து வாக்கியம் வந்தது. அது வேறு புத்தகம்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். போர் முடிந்த வருடம் நாங்கள் முகாமில் இருந்தோம். எனக்குப் பதினாறு, சாதாரணதரப் பரீட்சை எழுதும் வயது. முகாமுக்குள்ளேயே மரத்தின் கீழ் பள்ளிக்கூடம் நடந்தது. பரீட்சை வரும், முகாமுக்குள்ளேயே எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். புத்தகங்கள் பிறகு வந்தன என்று நினைக்கிறேன். நான் சொல்வது அவை வருவதற்கு முந்திய காலம். வரலாற்றுக்கு எங்கள் கொட்டில் வரிசையில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். அட்டை இல்லை. ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து வரும்போது உரப்பைக்குள் பானை சட்டிகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க நடுவில் செருகிக் கொண்டுவந்த புத்தகம் அது. அவர்கள் வீட்டில் படிக்கிற வயதில் யாரும் இல்லை.

ஒரே புத்தகத்தை இத்தனை பேர் எப்படிப் படிப்பது என்று நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். சவர அலகால் அதை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தோம். ஆளுக்கொரு அத்தியாயம். யாருக்கு எது கிடைக்கிறதோ அவர் அதை எழுத்துப் பிசகாமல் பாடமாக்கிவந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். தாள் மழையில் நனையலாம், அடுப்புக்குப் போகலாம், ஆளே வேறு முகாமுக்கு மாறலாம். வாயில் இருந்தால்தான் இருக்கும். எனக்குக் கிடைத்தது ஐரோப்பிய மறுமலர்ச்சி.

தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டு பாடமாக்கினேன். கொன்ஸ்தாந்திநோபிள் துருக்கியரால் கைப்பற்றப்பட்டதும் அங்கிருந்த அறிஞர்கள் அரிய ஏடுகளுடன் இத்தாலிக்குத் தப்பிச்சென்றனர். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் வாளி உடைந்து துணியால் அடைக்கப்பட்டிருந்தது நினைவிருக்கிறது. அத்தியாயத்தின் கடைசித் தாள் இல்லை. ஆகவே பாடம் "எனவே புளோரன்ஸ் நகரத்து வணிகர்கள்" என்பதோடு நின்றுவிடும். அதையும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் அந்த வணிகர்களோடு நின்றுவிடுவோம். அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. பரீட்சையில் நான் அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். வரலாற்றில் எனக்கு நல்ல பெறுபேறு.

இதை ஒரு பெருமையாக எழுதவில்லை. இப்படித்தான் படித்தேன், வேறு விதம் எனக்குத் தெரியாது என்று சொல்வதற்காக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் மகளைக் கார்டெரியில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். மத்தியானம் அங்கிருந்து அழைப்பு வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், உடனே வந்து எடுக்க வேண்டும். கணவரை அழைத்தேன். அவர் நடுப்பாலத்தில் நெரிசலில் நின்றார். "நான் வர நாலு மணியாகும். அவவிட்டை வேறை நாள் கேளுமன்," என்றார். வேறு நாள் கேட்டால் பயந்து தள்ளிப்போடுகிறாள் என்று நினைப்பார்களா? காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோனால் அக்கா சொன்னதுபோல வேண்டுமென்றே கொண்டுவந்தாள் என்று நினைப்பார்களா? கழுவும் அறையில் நின்று பிள்ளைக்கு மருந்தைப் பருக்கியபடி, நினைத்து நினைத்து, கடைசியில் தள்ளுவண்டியோடு மின்தூக்கியில் ஏறினேன்.

ஆசிரியைக்கு என்னைவிடப் பதினைந்து வயது கூட இருக்கும். மேசைக்குக் கீழே பனிச் சப்பாத்துகள், மேசைமேல் விடைத்தாள்கள். தள்ளுவண்டியைக் கண்டு எழுந்து கதிரையை நகர்த்தி இடம் விட்டார். "சுகமில்லையா, பாவம்," என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என் தாளையும் புத்தகத்தையும் அருகருகே வைத்தார்.

"மதாம், இதை எனக்கு விளக்க முடியுமா?"

நான் மூன்று நாளாகப் பயின்று வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். "நான் பார்க்கவில்லை. நான் மனத்தில் வைத்திருந்தேன்."

"நான்கு பந்திகளை?"

"அத்தியாயம் முழுவதையும்."

அவர் என்னைப் பார்த்தார். நம்புகிற பார்வையும் இல்லை, நம்பாத பார்வையும் இல்லை. புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். "சரி. சொல்லுங்கள்."

சொன்னேன். மகளை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டு சொன்னேன், ஆட்டாமல் எனக்குச் சொல்ல வராது. அவர் விரலை வரிகளின் மேல் ஓட்டிக்கொண்டு வந்தார். நகரங்கள், செல்வம், இடிபாடுகள். ஒரு பக்கத்தைப் புரட்டினார். "முந்தைய அத்தியாயத்தில் கண்டவாறு" வந்தபோதும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எங்கே விட்டேன் என்று தெரியாமல் போய்விடும். கொள்ளைநோய்ப் பந்தியின் நடுவில் அவர் கையை உயர்த்தினார்.

"போதும். நம்புகிறேன்."

எனக்கு அது போதும். அவருக்கு அது போதவில்லை.

"நீங்கள் களவெடுக்கவில்லை. அது எனக்கு ஆறுதல். ஆனால் மதாம், நான் எதற்குப் புள்ளி போடுவேன்? இந்தத் தாளில் நீங்கள் எங்கேயும் இல்லையே. நான் இந்தப் புத்தகத்தை எழுதியவருக்குப் புள்ளி போடவில்லை."

இதற்கும் ஒரு விடை வைத்திருந்தேன். மற்றொரு அத்தியாயத்தில் படித்தது. "அந்தக் காலத்துப் பிள்ளைகளும் பழைய இலத்தீன் பந்திகளைப் பாடமாக்கினார்கள். அதைப்போலவே எழுதிப் பழகினார்கள். மறுமலர்ச்சியே பார்த்து எழுதியதில்தான் தொடங்கியது."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். "உண்மை. பார்த்து எழுதினார்கள். பிறகு ஒருநாள் தாங்கள் எழுதியதோடு சண்டை பிடித்தார்கள். இந்தச் சொல் பிழை, இந்த ஆவணம் பொய், இந்த ஆள் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்று. அந்தச் சண்டை இல்லாவிட்டால் நாம் படிப்பதற்கு அத்தியாயமே இல்லை. நீங்கள் இந்தப் புத்தகத்தோடு எங்கே சண்டை பிடிக்கிறீர்கள்?"

புத்தகத்தோடு சண்டை. ஒரு புத்தகம் கிடைக்காமல் இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? மகள் சிணுங்கத் தொடங்கினாள். அவளுடைய நெற்றி என் கழுத்தில் சுட்டது. மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. நான் இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறேன், காய்ச்சல் பிள்ளையோடு, எந்த நாட்டிலோ எப்போதோ தீட்டிய ஓவியங்களுக்குக் காரணம் தேடிக்கொண்டு? எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். தள்ளுவண்டியின் பிடியில் கையும் வைத்துவிட்டேன்.

"அந்த அறிஞர்கள்," என்றேன். எப்படி அந்தச் சொல் வந்தது என்று தெரியாது.

"ஓம்?" என்பதுபோலத் தலையசைத்தார்.

"புத்தகம் சொல்கிறது, ஓடிவந்தவர்கள் ஏடுகளைக் கொண்டுவந்தார்கள், அதனால் தொடங்கியது என்று. அதுவும் ஒரு காரணம் என்று. நான்..." வினைச்சொல்லைத் தேடினேன். "நான் அப்படி நினைக்கவில்லை."

"ஏன்?"

என் பிரெஞ்சு சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் வரும். அப்படியே சொன்னேன். ஓடுகிறவர்கள் எதையும் கொண்டுவருவார்கள். அகப்பட்டதைக் கொண்டுவருவார்கள். ஏன் கொண்டுவந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. நான் முகாமில் இருந்தேன். ஒரு புத்தகம் வந்தது. கொண்டுவந்தவர்களுக்கு அது புத்தகம் இல்லை, பானைக்கு நடுவில் வைக்கிற தாள். எங்களுக்குப் பரீட்சை இருந்தது. அதனால் எங்களுக்கு அது புத்தகம். இத்தாலியில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். பணம் இருந்தவர்கள், பிள்ளைகளைப் படிப்பிக்க விரும்பியவர்கள், பழைய ஏடுகளைத் தேடித் திரிந்தவர்கள். அவர்கள் தேடத் தொடங்கியது கொன்ஸ்தாந்திநோபிள் விழுவதற்கு முன். நிறைய முன். வந்தவர்கள் காரணம் இல்லை. காத்திருந்தவர்கள்தான் காரணம்.

இடையில் இரண்டு தடவை சொல்லின் பால் பிழைத்தது, ஒரு தடவை வினையின் காலம் பிழைத்தது. திருத்திக்கொள்ளவில்லை.

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். "இதை முழுவதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்," என்றார். "சிலர் தெரிந்து தெரிவுசெய்துதான் கொண்டுவந்தார்கள். ஆனால் இது ஒரு வாதம். அப்படியானால் நான் உங்களைக் கேட்கிறேன்: யாருமே காத்திருக்காத இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள்? அவர்கள் கொண்டுவந்தது என்ன ஆகிறது?"

அவர் வரலாற்றைத்தான் கேட்டார். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். அவர் என்னைக் குத்திக் கேட்கிறவர் அல்ல. ஆனால் எனக்கு அந்த அறை, யன்னலுக்கு வெளியே சாம்பல் வானம், மேசைமேல் கிடந்த கோடு போட்ட தாள் எல்லாம் ஒரேயடியாகத் தள்ளிப்போய்விட்டன. விமான நிலையத்தில் என்னைக் கூட்டிப்போகக் கணவர் காத்திருந்தார்தான். அது வேறு. நான் வாயில் சுமந்துகொண்டு வந்ததற்கு இந்த ஊரில் யார் காத்திருந்தது? பாண் தொழிற்சாலையில் கையைத்தான் கேட்டார்கள். மடியில் பிள்ளை வீரிட்டு அழுதாள். நானும் அழுதேன். அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

ஆசிரியை ஒரு காகிதக் கைக்குட்டையை நீட்டினார். பிறகு, நான் எதிர்பாராதபடி, ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார்.

"வாய்மொழிக்கு என்னால் புள்ளி போட முடியாது. இப்போது சொன்னதை எழுதுங்கள். உங்களுடைய பிரெஞ்சிலேயே. அரை மணித்தியாலம். முடியுமா?"

"பிள்ளை..."

"எனக்கு மூன்று பேர்," என்று கையை நீட்டினார்.

கொடுத்திருக்கக்கூடாது. காய்ச்சல் பிள்ளையை அந்நிய ஆளிடம் எந்தத் தாய் கொடுப்பாள்? கொடுத்தேன். மகள் என் சட்டையைப் பிடித்த பிடியை நான்தான் ஒவ்வொரு விரலாகக் கழற்றினேன். ஆசிரியை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதைக்குப் போனார். கதவு முழுவதும் சாத்தப்படவில்லை. அழுகை நடைபாதையில் தூரமாகப் போய், திரும்பி வந்து, மறுபடி தூரமாகப் போனது.

பேனையை எடுத்தேன். முதல் வரியாகப் புத்தகத்தின் முதல் வரியே வந்தது. வெட்டினேன். "ஓடிவந்தவர்கள்" என்று தொடங்கினேன். அழுகை கிட்ட வந்தபோது எழும்பினேன், கதவுவரை போனேன், திரும்பிவந்து இருந்தேன். இப்போது எழும்பிப் போனால் மகளுக்கு நல்லது, நாளைக்கு இருவருக்கும் கெட்டது. எழும்பாமல் இருந்தால் நாளைக்கு நல்லதாக இருக்கலாம், ஆனால் இப்போது அவள் அழுகிறாள். சரி எது என்று அறியாமலே எழுதினேன். பானை என்பதற்குச் சரியான சொல் வராமல் வேறு சொல் போட்டேன். ஒரு வாக்கியத்துக்கு வினையே இல்லை என்று தெரிந்தும் விட்டுவிட்டேன். எல்லாம் சேர்த்து ஒரு பக்கம்கூட வரவில்லை. எவ்வளவு மெலிந்து கிடந்தது அந்தப் பக்கம்! புத்தகத்து வரிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் மழையில் நனைந்த கோழிபோல இருக்கும்.

கடைசியில் அவர் கேட்ட கேள்விக்கு வந்தேன். யாரும் காத்திருக்காத இடத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்தது என்ன ஆகும்? எங்கள் பரீட்சைகளில் ஒரு வழக்கம் உண்டு. விடை தெரியாவிட்டாலும் வெறுமையாக விடக்கூடாது, தெரியாது என்று மட்டும் எழுதவே கூடாது. எதையாவது எழுது, கேள்வியையே திருப்பியாவது எழுது என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். நான் சிறிது நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். நடைபாதையில் மகளின் அழுகை நின்றிருந்தது. அது அழுகையைவிடப் பயமாக இருந்தது. "இதற்கு விடை எனக்குத் தெரியாது," என்று பிரெஞ்சில் எழுதிவிட்டு வெளியே ஓடினேன்.

மகள் ஆசிரியையின் கம்பளிக் கழுத்துத்துணியில் வாந்தியெடுத்துவிட்டு அவருடைய தோளில் நித்திரையாகியிருந்தாள். நான் மன்னிப்பு, மன்னிப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "துணிதானே," என்றார் அவர். பிள்ளையை வாங்கும்போது நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு.

மெட்ரோவில் வீடு வந்தோம். அன்றைக்கும் மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, படிப்பு வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதும், பிள்ளை கண்ணயர்ந்ததும் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பதுமாக இருந்தேன்.

கிழமை முடிவில் மின்னஞ்சல் வந்தது, திருத்திய தாளின் படத்தோடு. தேறுவதற்குத் தேவையான புள்ளி, அதற்குமேல் கொஞ்சம்.

"தப்பிட்டீர்," என்றார் கணவர். "பேந்தென்ன, இப்பவும் முகம் அப்பிடியே கிடக்கு?"

"கொஞ்சம்தான் போட்டிருக்கிறா."

"கொஞ்சம் காணாதோ? எங்கை காட்டும். அடேயப்பா, இதென்ன, தாள் முழுக்கச் சிவப்பு? நீர் எழுதினதைவிட அவ எழுதினது கூட."

உண்மைதான். அவர் ஒவ்வொரு வினைச்சொல்லையும் திருத்தியிருந்தார். பானைக்குச் சரியான சொல்லை மேலே எழுதியிருந்தார். காத்திருந்தவர்கள் பற்றிய வரிக்குப் பக்கத்தில் "எந்த நகரங்களில்? ஆதாரம்?" என்று கேட்டிருந்தார். நான் கடைசி வரியைத் தேடினேன். தெரியாது என்று எழுதிய அந்த வரியில் மட்டும் சிவப்பு இல்லை. சரி என்றும் போடவில்லை, பிழை என்றும் போடவில்லை. படித்தாரா, விட்டுவிட்டாரா என்று திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்த்தேன்.

அடுத்த பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. இந்த முறை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.